சிறு தொகையில் கருப்பொருள் நாணயத் தொகுப்பு: எந்தக் கருவைத் தேர்ந்தெடுப்பது?

ஒரு தகர டப்பா நிறையப் பல நாட்டுக் காசுகள் கிடக்கின்றன. கிளறிப் பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்து எதை வாங்க வேண்டும், எதை வாங்காமல் விட வேண்டும் என்று கேட்டால் அந்த டப்பாவிடம் பதில் இல்லை. கரு ஒன்றை வகுத்துக்கொண்டு சேர்ப்பதன் பயனே அந்தப் பதிலைப் பெறுவதுதான். தாராளமாகப் பணம் உள்ளவர் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிவிட்டுப் பிறகு பிரித்து அடுக்கிக்கொள்ளலாம். மாதந்தோறும் சிறு தொகையை மட்டுமே ஒதுக்க முடிகிறவர், "இது என் தொகுப்புக்கு வேண்டாம்" என்று சொல்லப் பழகினால்தான் அவருடைய தொகுப்பு உருப்பெறும். ஆகவே எந்தக் கரு அழகானது என்ற கேள்வியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, எந்தக் கரு சிறு தொகைக்குள் தாக்குப்பிடிக்கும் என்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

எந்தக் கருவையும் எடைபோடும்போது நான் முதலில் கேட்பவை இரண்டு கேள்விகள். அதன் பட்டியல் எங்காவது முடிகிறதா என்பது ஒன்று. மற்ற எல்லாவற்றையும் வாங்கி முடித்த பிறகும் கைக்கு எட்டாமல் நிற்கக்கூடிய ஒற்றை நாணயம் அந்தப் பட்டியலுக்குள் இருக்கிறதா என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வியைப் பலரும் காலம் கடந்தே கேட்கிறார்கள். பிரிட்டனின் 50 பென்ஸ் நினைவு நாணயங்களை எடுத்துக்கொள்வோம். அவற்றில் பெரும்பாலானவை லட்சக்கணக்கில் அச்சடிக்கப்பட்டவை. முகமதிப்பை, அதாவது நாணயத்தில் பொறித்திருக்கும் மதிப்பை, ஒட்டிய விலைக்கே கிடைப்பவை. ஆனால் கியூ தாவரவியல் பூங்காவின் 250ஆம் ஆண்டையொட்டி 2009இல் வந்த நாணயம் 2,10,000 மட்டுமே புழக்கத்துக்கு விடப்பட்டது. அதன் விலை முகமதிப்பைப் போலப் பல மடங்கு. ஆல்பத்தில் எல்லாக் குழிகளும் நிறைந்து அந்த ஒன்று மட்டும் காலியாக இருப்பதைப் பார்த்துப் பார்த்தே ஆர்வம் வற்றிப்போகும். அதே நாட்டின் அதே மதிப்பில் 2012 லண்டன் ஒலிம்பிக்ஸுக்காக வெளியான 29 வடிவங்களை மட்டும் கருவாகக் கொண்டவருக்கு இந்தத் தொல்லை பெரிதும் குறைவு. நாடும் மதிப்பும் ஒன்றாகவே இருந்தும், எல்லைக்கோட்டைப் போட்ட இடம் செலவை அடியோடு மாற்றிவிடுகிறது.

முதலில் நாணயச் சாலைகளே வகுத்துத் தரும் தொடர்கள். அமெரிக்காவின் மாநிலக் கால் டாலர் தொடர் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1999 முதல் 2008 வரை ஆண்டுக்கு ஐந்து வீதம், மாநிலங்கள் ஒன்றியத்தில் இணைந்த வரிசையிலேயே, டெலவேரில் தொடங்கி ஐம்பது வடிவங்கள் வந்தன. பட்டியல் திட்டவட்டமானது, அச்சடித்த எண்ணிக்கையோ பல கோடி, ஆகவே புழங்கிய நாணயங்களாகச் சேர்த்தால் ஏறத்தாழ முகமதிப்பிலேயே தொடரை முடித்துவிடலாம். ஒவ்வொன்றிலும் அந்த மாநிலத்தைப் பற்றி அறிய ஏதாவது இருப்பதால் சிறுவர்களோடு சேர்ந்து சேர்க்கவும் ஏற்றது. ஆனால் இந்த ஐம்பதோடு நிற்க மனவுறுதி வேண்டும். பிலடெல்பியா, டென்வர் என இரு நாணயச் சாலைகளின் குறியீட்டையும் தனித்தனியே வேண்டும் என்று முடிவெடுத்தால் ஐம்பது நூறாகிறது. அடுத்து 2009இல் தலைநகர்ப் பகுதிக்கும் ஐந்து ஆட்சிப்பகுதிகளுக்குமாக ஆறு, 2010 முதல் 2021 வரை தேசியப் பூங்காக்களுக்கும் வரலாற்றுச் சின்னங்களுக்குமாக 56, 2022 முதல் 2025 வரை சாதனைப் பெண்களுக்காக 20 என்று தொடர்கள் நீண்டுகொண்டே போயின. 2004ஆம் ஆண்டு விஸ்கான்சின் நாணயத்தில் சோளக்கதிரின் பக்கத்தில் கூடுதலாக ஓர் இலை விழுந்த வகையையும் வேண்டுமென்று தேடத் தொடங்கினால் செலவின் கணக்கு முற்றிலும் வேறாகிவிடும்.

யூரோ நாணயங்களில் இந்த அபாயம் இன்னும் தெளிவாகத் தெரியும். இரண்டு யூரோ நினைவு நாணயங்கள் 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸுக்காக கிரீஸ் வெளியிட்டதிலிருந்து தொடங்கின. இன்று அவை பல நூறாகப் பெருகிவிட்டன. உறுப்பு நாடுகள் ஆண்டுதோறும் புதிதாக வெளியிடுவதால் பட்டியலுக்கு முடிவே இல்லை. தவிர, எவ்வளவு தேய்ந்த நாணயமாக இருந்தாலும் இரண்டு யூரோவுக்குக் கீழே அதன் விலை இறங்காது. 2007இல் மொனாக்கோ தன் இளவரசியாக இருந்த கிரேஸ் கெல்லியின் நினைவாக வெளியிட்டதோ மொத்தமே 20,001 நாணயங்கள்; சிறு தொகையில் சேர்ப்பவர் அதைப் படத்தில் பார்ப்பதோடு திருப்தியடைய வேண்டியதுதான். முடிவில்லாத பட்டியல், இறங்காத அடிவிலை, எட்டாத நாணயம் ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேரும் கரு இது. விருப்பம் விடவில்லையென்றால் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை உருவாக்கிய ரோம் உடன்படிக்கையின் ஐம்பதாம் ஆண்டுக்காக 2007இல் பல நாடுகள் ஒரே வடிவத்தில் வெளியிட்டது போன்ற பொது வெளியீடு ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இரண்டாவது வழி, நாணயத்தின் மேல் என்ன பொறிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கருவாகக் கொள்வது. விலங்கு, பறவை, கப்பல், மரம், பாலம், அறிவியலாளர் என எதுவும் கருவாகலாம். எனக்கு மிகப் பிடித்த வழி இது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எல்லையை யாரும் வகுத்துத் தருவதில்லை, நாமே வகுத்துக்கொள்கிறோம் என்பதுதான் இதன் பலம், பலவீனமும் அதுவே. "விலங்குகள்" என்று மட்டும் எழுதிவைத்தால் பட்டியல் கடலளவு விரியும். போதாக்குறைக்கு, ஒருபோதும் புழக்கத்துக்கு வராமல் சேகரிப்பாளர்களுக்கென்றே வண்ணம் பூசி, சிறு தீவு நாடுகளின் பெயரால் அச்சடிக்கப்படும் நாணயங்கள் சந்தையில் குவிந்து கிடக்கின்றன. பார்வைக்குக் கவர்ச்சியாக இருக்கும். விற்கப் போனால் வாங்கிய விலையில் பாதி கிடைப்பதும் அரிது. ஆகவே இந்த வழியில் செல்பவர் "மக்கள் கையில் புழங்கிய நாணயம் மட்டும்" என்ற நிபந்தனையை முதல் வரியாக எழுதிக்கொள்ள வேண்டும். அந்த ஒரே வரி பட்டியலைக் குறுக்குவதோடு விலையையும் இறக்கிவிடும்.

அப்படிக் குறுக்கிய பிறகு என்ன கிடைக்கும் என்பதற்கு அயர்லாந்தின் 1928ஆம் ஆண்டு நாணயங்களை விட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. புதிதாக விடுதலை பெற்றிருந்த அந்நாடு தன் நாணய வடிவத்தைத் தேர்ந்தெடுக்க அமைத்த குழுவுக்குக் கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸ் தலைமை தாங்கினார். பெர்சி மெட்காஃப் என்ற ஆங்கிலேயச் சிற்பி வரைந்த உயிரினங்கள் ஏற்கப்பட்டன. மதிப்பின் ஏறுவரிசையில் சொன்னால், ஃபார்திங்கில் உட்காக் என்னும் காட்டுப்பறவை, அரைப் பென்னியில் குட்டிகளோடு தாய்ப்பன்றி, பென்னியில் குஞ்சுகளோடு கோழி, மூன்று பென்ஸில் முயல், ஆறு பென்ஸில் வேட்டைநாய், ஷில்லிங்கில் காளை, ஃபுளோரினில் சால்மன் மீன், அரை கிரௌனில் குதிரை. அரசர் தலையோ தலைவர் முகமோ எதிலும் இல்லை. ஒரு பக்கம் யாழ், மறுபக்கம் உயிரினம். வடிவங்கள் மொத்தம் எட்டுத்தான், பட்டியல் முடிந்தது.

ஆனால் இந்த எட்டை எப்படி வாங்குகிறோம் என்பதில் செலவு தலைகீழாக மாறும். ஷில்லிங் 1942 வரையும், ஃபுளோரினும் அரை கிரௌனும் 1943 வரையும் 75 சதவீத வெள்ளியில் வந்தவை. ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒன்று வேண்டும் என்று கிளம்பினால் 1943ஆம் ஆண்டின் ஃபுளோரினும் அரை கிரௌனும் முன்னால் வந்து நின்று வழிமறிக்கும். சேர்ப்பவர் எல்லாருக்கும் அவை அரும்பொருள். வடிவத்துக்கு ஒன்று போதும் என்று முடிவெடுத்து, இந்த மூன்றை மட்டும் 1951 முதல் செம்பு-நிக்கல் கலவையில் வந்தவையாக வாங்கினாலோ அதே காளையும் சால்மனும் குதிரையும் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும், அதுவும் தேய்மானம் குறைந்த நிலையில். தொகுப்பை வளர்க்க விரும்பினால் அதற்கும் வழி இருக்கிறது. அயர்லாந்து தசம முறைக்கு மாறியபோது காளை ஐந்து பென்ஸுக்கும், சால்மன் பத்துப் பென்ஸுக்கும், உட்காக் ஐம்பது பென்ஸுக்கும் இடம் மாறின. குதிரை 1986இல் இருபது பென்ஸில் திரும்பி வந்தது. ஒரே உயிரினம் இரு நாணய முறைகளில் வாழ்ந்த கதையை அடுத்தடுத்த இரண்டு குழிகளில் வைத்துவிடலாம்.

இதே அளவில் வேறு குடும்பங்களும் உண்டு. நார்வேயில் 1958 முதல் 1973 வரை அணில், தேனீ, கடமான், நாய், குதிரை என்று சில்லறைக் காசுகளெல்லாம் உயிரினங்களாக இருந்தன. ஆஸ்திரேலியா 1966இல் தசம முறைக்கு மாறியபோது ஸ்டூவர்ட் டெவ்லின் வரைந்த பறக்கும் போசம், கழுத்துமடிப்புப் பல்லி, எக்கிட்னா, யாழ்ப்பறவை, பிளாட்டிபஸ் ஆகிய ஐந்தும் ஒன்று முதல் இருபது சென்ட் வரை வந்தன. கனடா 1967இல் தன் நூற்றாண்டுக்காக ஓராண்டுக்கு மட்டும் புறா, முயல், கானாங்கெளுத்தி, காட்டுப்பூனை, ஓநாய், வாத்து என்று காசுகளை மாற்றியது. ஓவியர் அலெக்ஸ் கோல்வில் வரைந்தவை அவை. ஆனால் அவற்றில் பத்து சென்ட்டும் அதற்கு மேற்பட்டவையும் வெள்ளி கலந்தவை என்பதால் சந்தையில் வெள்ளி விலை ஏறும்போது இவையும் ஏறும். உலோக விலையோடு தொகுப்பின் விலையும் ஆடுவதை விரும்பாதவர் செம்பு-நிக்கல் காசுகளிலேயே நின்றுகொள்ளலாம்.

அறிவியலாளர்களைக் கருவாகக் கொண்டால் பட்டியல் மெலிவாக இருக்கும், ஒவ்வொரு நாணயமும் கனமாக இருக்கும். போலந்தின் பத்து ஸ்லோட்டியில் 1959இல் கோப்பர்நிகஸும் 1967இல் மேரி கியூரியும் வந்தனர். மேற்கு ஜெர்மனி 1977இல் கணித மேதை காஸுக்கு ஐந்து மார்க் நாணயம் வெளியிட்டது. கிழக்கு ஜெர்மனி 1979இல் ஐன்ஸ்டைனுக்கு வெளியிட்டது. போலந்துக் காசுகள் எளிதில் அகப்படுபவை. ஜெர்மன் நாணயங்கள் விலையில் ஒரு படி மேலே நிற்பவை. ஆண்டுக்கு ஒன்றிரண்டு வாங்கினால் போதும் என்ற பொறுமைசாலிக்குத்தான் இந்தக் கரு பொருந்தும்.

மூன்றாவது வழி, படத்தை விட்டுவிட்டு வடிவத்தையும் உலோகத்தையும் பார்ப்பது. துளையுள்ள காசுகள், சதுரக் காசுகள், அலை விளிம்புக் காசுகள், இரு உலோகக் காசுகள் எல்லாம் இதில் அடங்கும். சேர்ப்பவர்கள் இந்த வழியை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை என்பது என் எண்ணம். சிறு தொகைக்கு இதைவிடப் பாதுகாப்பான கரு கிடைப்பது கடினம். துளையை எடுத்துக்கொள்வோம். தமிழில் எதற்கும் உதவாததைச் சொல்லவே ஓட்டைக் காலணா என்ற பேச்சு இருக்கிறது. போர்க்காலத்தில் தொடங்கி, 1943 முதல் 1947 வரை, உலோகத்தை மிச்சப்படுத்த நடுவில் பெரிய துளையோடு வந்த அந்த வெண்கலக் காசு இன்றும் மலிவாகவே கிடைக்கிறது. ஜப்பானின் 5 யென், 50 யென், டென்மார்க்கின் 1, 2, 5 குரோனர், நார்வேயின் 1, 5 குரோனர், ஸ்பெயினில் தொண்ணூறுகளில் வந்த 25 பெசெட்டா, பெல்ஜியத்தில் பிரெஞ்சிலும் டச்சிலும் தனித்தனியே வந்த 5, 10, 25 சென்டிம்கள், பிரிட்டிஷ் மேற்கு ஆப்பிரிக்காவின் பென்னி, அரைப் பென்னி, பென்னியில் பத்தில் ஒரு பங்கு, கிழக்கு ஆப்பிரிக்காவின் 5, 10 சென்ட்கள், பிஜியின் பென்னி. இவை அனைத்தும் அன்றாடச் சில்லறையாக இருந்தவை. யாருடைய தலையையும் போற்றிக் குறைந்த எண்ணிக்கையில் அச்சடித்தவை அல்ல. எனவே ஒரு வகையில் அரிய ஆண்டு இருந்தாலும் வேறோர் ஆண்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட முடிகிறது.

இந்தக் கருவுக்குச் சொல்ல ஒரு கதையும் இருக்கிறது. கையால் தடவியே மதிப்பை அறிய, உலோகத்தை மிச்சப்படுத்த, கயிற்றில் கோத்து எடுத்துச்செல்ல எனத் துளை போட்டதற்கு இடத்துக்கு இடம் காரணம் வேறு. சதுரத் துளையுள்ள சீனக் காசுகள் அவற்றுள் மிகப் பழையவை. கி.பி. 621இல் தொடங்கிய கையுவான் தோங்பாவ் காசு அடுத்த ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு வடிவத்துக்கு இலக்கணமாக நின்றது. சீனாவின் வடக்கு சோங் அரச மரபுக் காலத்தில் அவற்றை ஏராளமாக வார்த்துத் தள்ளியதால், ஆயிரம் ஆண்டு வயதுள்ள சில வகைகள் சென்ற நூற்றாண்டின் அரிய காசுகளை விட மலிவு. வயது விலையைத் தீர்மானிப்பதில்லை என்பதை ஒருவருக்குப் புரியவைக்க இந்த ஒரு காசைக் கையில் கொடுத்தால் போதும். ஆனால் போலிகளும் இதே அளவு ஏராளம் என்பதால், இவற்றைத் தெரிந்த வணிகரிடம் மட்டுமே வாங்க வேண்டும்.

இரு உலோகக் காசுகளின் வரலாறு இதைவிடக் குறுகியது. இத்தாலியின் 500 லிரா 1982இல் வந்த பிறகு மற்ற நாடுகள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. பிரான்ஸின் 10 பிராங்க் 1988இல், கனடாவின் துருவக்கரடி இரண்டு டாலர் 1996இல். நாட்டுக்கு ஒன்று, முதலில் வந்த வகை மட்டும் என்று கட்டுப்படுத்தினால் அழகான தொகுப்பாகும். உயர்மதிப்பு நாணயங்களே இரு உலோகத்தில் வருகின்றன. அதனால் இன்றும் செல்லுபடியாகும் காசுகளில் முகமதிப்பே அடிவிலையாகிவிடும். துளைக் காசுகளோடு ஒப்பிட்டால் இது ஒரு குறை.

ஒரே ஆண்டைக் கருவாகக் கொள்பவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் அது அவர்கள் பிறந்த ஆண்டாக இருக்கும். உணர்வு சார்ந்த தேர்வு என்று இதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. 1964ஐ எடுத்துக்கொண்டால் ஜப்பானியக் காசில் அது ஷோவா 39, தாய்லாந்துக் காசில் 2507. ஆண்டைப் படிக்கவே கொஞ்சம் கற்க வேண்டியிருப்பது இதன் சுவை. விலையோ முழுக்க முழுக்க ஆண்டின் தயவில் இருக்கிறது. உங்கள் ஆண்டில் ஒரு நாடு குறைவாக அச்சடித்திருந்தால் மாற்று ஆண்டு என்ற வழியே இல்லை. தேதியை அப்படியே நம்புவதும் சில இடங்களில் ஆபத்து. ஆஸ்திரியாவின் மரியா தெரசா வெள்ளி நாணயம் அவர் இறந்த 1780ஆம் ஆண்டையே தாங்கிப் பின்னாளிலும் தொடர்ந்து அச்சடிக்கப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டைக் கருவாகக் கொண்டவருக்கு முதலில் மலிவாகக் கிடைக்கும் நாணயம் அதுவாகவே இருக்கும். அந்த நூற்றாண்டில் செய்ததாக இருக்காது.

நாட்டுக்கு ஒரு காசு என்ற கரு தொடக்கத்தில் மிக வேகமாக நிறையும், பிறகு மிக மெதுவாக நகரும். எடைக்கு விற்கும் கலப்புக் காசுகளில் நூறு நாடுகள் வரை எளிதில் வந்துவிடும். அதற்குப் பின் ஒவ்வொரு நாட்டுக்கும் தனியாகத் தேட வேண்டும். சில இடங்களுக்குப் புழக்கக் காசே கிடையாது. பண்டைய ரோமின் நான்காம் நூற்றாண்டு வெண்கலச் சிறுகாசுகளும் பலர் நினைப்பதை விட மலிவுதான். ஆனால் பல நாடுகள் அவற்றைத் தொல்பொருளாகக் கருதி ஏற்றுமதியைத் தடை செய்கின்றன. 1970ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கைக்குப் பிறகு எங்கிருந்து வந்தது என்ற ஆவணம் முக்கியமாகிவிட்டது. முதல் தொகுப்பாக இதைப் பரிந்துரைக்க எனக்குத் துணிவில்லை.

கருக்களை ஒப்பிடும்போது நாணயத்தின் விலையை மட்டும் பார்ப்பது போதாது. மலிவான காசுகளில் அஞ்சல் செலவு காசின் விலையைத் தாண்டிவிடும். நானே ஒரு முறை எட்டுக் காசுகளை எட்டுப் பேரிடம் வாங்கி, காசுக்குக் கொடுத்ததை விட அஞ்சலுக்கு மூன்று மடங்கு கொடுத்திருக்கிறேன். ஒரே விற்பனையாளரிடம் பத்துப் பதினைந்து காசுகள் சேர்ந்து கிடைக்கும் கருவுக்கு இதனால் தனி மதிப்பு உண்டு. அயர்லாந்து, நார்வே போன்ற ஒரே நாட்டுக் குடும்பங்கள் இதில் வெல்கின்றன, துளைக் காசுகள் பல நாடுகளில் சிதறியிருந்தாலும் உலகக் காசு விற்பவரின் பெட்டியில் கூட்டமாக இருக்கும், அறிவியலாளர்கள் தோற்கிறார்கள். நியூமிஸ்டா போன்ற இணையப் பட்டியலில் கணக்குத் தொடங்கி, கையில் உள்ள இரட்டைக் காசுகளைப் பிறரோடு மாற்றிக்கொண்டால் இந்தச் சுமை ஓரளவு குறையும்.

உலோகமும் செலவுக் கணக்கில் சேர்ந்ததே. செம்பு-நிக்கல் காசு எளிதில் கெடாது. செம்பும் வெண்கலமும் ஈரத்தில் பச்சை பூக்கும். உலகப் போர்க்கால ஐரோப்பாவின் துத்தநாகக் காசுகள் சாம்பல் பூத்து அரிக்கும். முலாம் பூசிய எஃகுக் காசு துருவேறும். காற்றில் ஈரப்பதம் மிகுந்த இடத்தில் இருப்பவர் துத்தநாகத்தைக் கருவாக்கிக்கொண்டால் பாதுகாக்கவே பணம் கரையும். மென்மையான பிவிசி நெகிழி உறைகள் மலிவுதான். ஆனால் நாளடைவில் அவற்றிலிருந்து கசியும் பொருள் காசின் மேல் பசையாகப் படிந்து அதை அரித்துவிடும். பிவிசி கலக்காத, மைலார் என்னும் ஒளி ஊடுருவும் தாளால் ஜன்னல் வைத்த அட்டை உறைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவாகாது. தேய்த்துப் பளபளப்பாக்கிய காசைப் பிறகு எவ்வளவு பேரம் பேசினாலும் நல்ல விலைக்குத் தள்ளிவிட முடியாது. எழுபது புள்ளி அளவுகோலில் தரம் குறித்து நெகிழிப் பேழையில் அடைத்துத் தரும் சேவைக்கான கட்டணம், இங்கே பேசும் காசுகளில் பெரும்பாலானவற்றின் விலையைவிட அதிகம். அந்தப் பணத்துக்கு அதே காசை இன்னொரு படி நல்ல நிலையில் வாங்கலாம். எட்டே காசுகள் கொண்ட கருவில் அப்படிச் செய்வது தொகுப்பின் முகத்தையே மாற்றும்.

ஆகவே என் தேர்வு இதுதான். விரைவில் முடித்துப் பார்க்கும் நிறைவு வேண்டும், சிறுவர்களும் உடன் இருக்கிறார்கள் என்றால் முடிந்துபோன அரசுத் தொடர் ஒன்று, புழங்கிய காசுகளில். படத்தின் அழகுக்காகச் சேர்ப்பவர் என்றால் ஒரு நாட்டின் உயிரினக் குடும்பம், வடிவத்துக்கு ஒன்று, வெள்ளிக்குப் பிந்தைய ஆண்டுகளில். பல நாடுகளையும் தொட வேண்டும், பணமும் கையைக் கடிக்கக் கூடாது என்றால் துளைக் காசுகள். எதுவாயினும் முதல் காசை வாங்கும் முன் முழுப் பட்டியலையும் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக அண்மையில் விற்ற விலையைக் குறித்துப் பாருங்கள். கேட்கும் விலையைக் குறித்தால் கணக்குத் தவறிவிடும். எட்டாத காசு எது என்பது அந்தத் தாளில் ஒரே மாலையில் தெரிந்துவிடும்.

உயிரினமா துளையா என்று இன்னும் தீர்மானிக்க முடியாதவருக்கு பப்புவா நியூ கினியின் ஒரு கினா இருக்கிறது. 1975 முதல் வரும் அந்தக் காசின் நடுவே துளை, துளையைச் சுற்றி இரண்டு முதலைகள். எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் அது வீணாகாது.